உருவாக்கியவர் பெயர்

வலங்கைமான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையின் பலகையில் 'மூஸா ஜெராக்ஸ்' என்று எழுதியிருக்கும். பத்திரம் பதிய வருகிறவர்கள், பட்டா சிட்டா நகலெடுக்க வருகிறவர்கள், ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட வருகிறவர்கள் எல்லோரும் "மூஸா பாய் இருக்காரா" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள். ஆனால் மிஷினில் சிக்கிய காகிதத்தை இழுத்தெடுப்பதும், மங்கிப்போன பழைய எழுத்தைக் கம்ப்யூட்டரில் படிக்கிற மாதிரி ஆக்கித் தருவதும், கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் திரும்ப ஓடவைப்பதும் மூஸாவின் மனைவி ஜஸீலா. இது ஊருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்தவர்களும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை, அவ்வளவுதான். ரொம்ப காலம் ஜஸீலாவுக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை.

அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டாவது முடித்துக் கும்பகோணத்தில் ஆறு மாதம் டிடிபி படித்தாள். கல்யாணமான நாற்பதாம் நாள் மூஸா சவூதியில் தம்மாமுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குளிர்கிடங்கில் பதினோரு வருஷம் கோழிப்பெட்டி தூக்கி, முதுகுத்தண்டில் இரண்டு எலும்பு நகர்ந்த பிறகுதான் ஊர் திரும்பினான். இடையில் ஒரு லீவுக்கு வந்தபோது, முகம் பார்த்துப் பேசுவதற்கென்று ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் முகம் அதில் தெரிந்தது நாளைக்குப் பத்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் அது சும்மாதானே கிடந்தது. ஜஸீலா அதில் பூ வரைய ஆரம்பித்தாள். குளியலறை டைல்ஸில் இருந்த இலை, மூஸா கொண்டுவந்த கம்பளியின் கரை, கைலியின் கட்டம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தாள். எந்தப் பக்கம் எத்தனை தடவை அடுக்கினாலும் ஒட்டு தெரியாமல் ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி வரைவது அவளுக்குக் கைவந்துவிட்டது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எதற்கென்று சொன்னவர் ஸ்ரீநிவாசன். ஆறு வருஷத்துக்கு முன்னால், பக்கத்தில் திருமேனிச்சேரி கிராமத்தில் குடும்பத்துக்கு மிச்சமிருந்த கடைசி மூன்று மா நிலத்தை விற்க அவர் சென்னையிலிருந்து வந்தார். தாத்தா காலத்தில் மிராசு. அப்பா காலத்தில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். இவர் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கரையான் தின்ற ஒரு அடங்கல் நகலை எடுத்துக்கொண்டு மூஸா கடைக்கு வந்தார். ஜஸீலா அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் திறந்திருந்த அவளுடைய பூக்களைப் பார்த்தார். நிலம் விற்ற சங்கடத்தில் இருந்த மனுஷன் முகம் அப்படியே மாறிவிட்டது. இதை வைத்து என்ன செய்யலாம் தெரியுமா என்று ஆரம்பித்தவர், பதிவுக்கு டோக்கன் கூப்பிடுகிறவரைக்கும் பேசினார்.

அவர் சொன்ன இடத்தைப் பத்திரிகைகளில் மெய்நிகர் உலகம் என்று எழுதுகிறார்கள். மூஸா அதற்கு வைத்த பெயர் பொம்மை ஊர். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கம்ப்யூட்டர் வழியாக அந்த ஊருக்குள் போகலாம். தனக்கென்று ஒரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு நடக்கலாம், ஆடலாம், வீடு கட்டலாம், பேசலாம். போகிற பொம்மைக்கு உடுப்பு வேண்டும். அந்த உடுப்பு துணியில்லை, துணியின் தோற்றம் மட்டும்தான். தையல்காரர் வெட்டிப் பரப்பிய துண்டுகள் மாதிரி முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி, கை தனியாக ஒரு படம் இருக்கும். அதன்மேல் நிறமும் பூவும் கரையும் மடிப்பின் நிழலும் போட வேண்டும். இடுப்பில் முன்துண்டுப் பூ பாதியில் நின்றால் மீதிப் பாதி பின்துண்டில் அதே இடத்தில் தொடங்க வேண்டும். இம்மி பிசகினாலும் பொம்மை நடக்கும்போது விலாவில் கிழிசல் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். ஜஸீலா கை அதில் பிசகியதே இல்லை.

ஸ்ரீநிவாசனுக்கு அந்த ஊரில் ஒரு கடை இருந்தது. ஜஸீலா செய்து அனுப்புவாள், அவர் அங்கே ஏற்றி விற்பார், மாதாமாதம் அவள் பங்கை அனுப்பிவைப்பார். அதில் அவர் ஒரு ரூபாய்கூட ஏமாற்றவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். தாராசுரம் கோயிலின் கல் சன்னலைப் பார்த்துவிட்டு வந்து ஜஸீலா செய்த புடவைக் கரை ஒன்று, பிரேசில் நாட்டுப் பெண்கள்கூட வாங்குகிற அளவுக்கு ஓடியது. அது வேறு கதை.

நம் கதை ஒரு சின்னக் கட்டத்தைப் பற்றியது. அந்த ஊரில் எந்தப் பொருளை அமுக்கினாலும் ஒரு சீட்டு விரியும். அதில் 'உருவாக்கியவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு பொருளை முதன்முதலில் யார் ஏற்றுகிறாரோ அவர் பெயர் அதில் விழும். விழுந்தால் விழுந்ததுதான். அப்புறம் எத்தனை கை மாறினாலும், ஏற்றியவரே நினைத்தாலும் அதை அழிக்க முடியாது. ஆறு வருஷத்தில் ஜஸீலா நானூறுக்கு மேல் உடுப்பு செய்திருந்தாள். நானூறிலும் உருவாக்கியவர் ஸ்ரீநிவாசன்.

இது அவளை உறுத்த ஆரம்பித்தது ஒரு நோன்புப் பெருநாள் அன்று. அதிராம்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற மூஸாவின் தங்கை சாஜிதா பெருநாளைக்கு வந்திருந்தாள். மதியம் பிரியாணி முடிந்து பெண்கள் படுத்துக்கிடந்த நேரத்தில், எப்போதும் இல்லாத ஆசையாக ஜஸீலா லேப்டாப்பைத் திறந்து, இதெல்லாம் நான் செஞ்சது என்று காட்டினாள். சாஜிதாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒன்றை அமுக்கினாள். சீட்டு விரிந்தது. இன்னொன்றை அமுக்கினாள். அதிலும் அதே பெயர்.

"மச்சி, ஸ்ரீநிவாசன்னு வருதே. உங்களுக்கு எப்ப பேரு மாத்துனாங்க?" என்று அண்ணியைக் கேட்டாள்.

படுத்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். சாஜிதா கெட்டவள் இல்லை, வாய்த்துடுக்கு. ஜஸீலாவும் சேர்ந்து சிரித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை கோப்பை அனுப்பும்போதும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. கடைப் பலகையில் மூஸா பெயர் இருந்தபோது வராத கோபம் இதில் வந்தது. மூஸா அவளுடைய மனுஷன். இவர் யார்?

கேட்பதற்கு அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. சந்தர்ப்பம் அதுவாக வந்தது. திருமேனிச்சேரி சிவன் கோயிலுக்கு நாற்பது வருஷம் கழித்துக் கும்பாபிஷேகம். அக்ரகாரத்தில் இப்போது பூட்டின வீடுகள்தான் பாதி. ஆட்களெல்லாம் சென்னை, பெங்களூரு, நியூஜெர்சி, சிட்னி. வர முடியாதவர்கள் பொம்மை ஊரில் கூடலாம் என்று ஸ்ரீநிவாசன் ஒரு யோசனை சொல்லி, அங்கே அச்சு அசலாகக் கோயிலும் குளமும் கட்டியும் முடித்துவிட்டார். கூடுகிற ஆண்களுக்கு ஒரே மாதிரி வேட்டி வேண்டும். மயில்கண் கரை, அதற்கேற்ற அங்கவஸ்திரம். அறுபத்திரண்டு பேர்.

போனில் அவர் இதைச் சொல்லி முடித்ததும் ஜஸீலா கேட்டாள். இதை மட்டும் நானே ஏத்தட்டுமா சார், என் பேர்ல. தாராளமா, நியாயம்தானே, நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே என்றார் ஸ்ரீநிவாசன். போனை வைத்தபின் ஜஸீலாவுக்கு, இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதை இரண்டு வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மடிப்பு நிழலை மனசிலிருந்து வரைகிறவர்கள் உண்டு. ஜஸீலாவுக்கு அது ஒத்துவராது, பார்த்தால் பொய் என்று தெரியும் என்பாள். ஆண்களின் உடுப்பு எதுவானாலும் மூஸாதான் அவளுக்கு ஆள். காலை பத்து மணி வெயில் சாய்வாக விழும்போது மொட்டை மாடியில் வெள்ளைச் சுவரோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நிற்பான். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு விலா என்று போனில் எடுத்துக்கொண்டு, அந்த நிழல்களைக் கம்ப்யூட்டரில் துணிமேல் ஏற்றுவாள். முதுகு வலிக்காரன், ஸ்டூலில் நின்றால் இடுப்பு கடுக்கும். பொம்மைக்காக ஒரு மனுஷனைப் பொம்மை ஆக்குறியே என்று அலுத்துக்கொள்வான், ஆனால் ஒரு நாளும் மாட்டேன் என்றதில்லை.

ஸ்ரீநிவாசன் கும்பகோணத்துக் கடையிலிருந்து புது மயில்கண் வேட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். மூஸா அதைப் பிரித்து, உதறி, தினமும் கட்டுகிறபடி கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். அன்றைக்கு அவனுக்கும் ஒரு மிடுக்கு இருந்தது. உன் பேரு வரப்போவுதுல்ல, நல்லா எடு என்றான்.

எட்டு நாள் வேலை. மயில்கண் என்பது சாமானியக் கரை இல்லை. சிவப்பும் பச்சையும் பொடிப் பொடியாக, ஒவ்வொரு கண்ணும் மற்றதைப் பார்த்தபடி ஓட வேண்டும். கசங்கின இடத்தில் கண் நசுங்க வேண்டும், விரிந்த இடத்தில் அகல வேண்டும். வெள்ளை என்பதிலும் நூறு வெள்ளை. சோற்றுக் கஞ்சி போட்ட வேட்டியின் வெள்ளை வரவேண்டும் என்று மூன்று நாள் அதற்கே போயிற்று. ஸ்ரீநிவாசனுக்கு மூன்று தடவை அனுப்பினாள். முதல் தடவை கரை அரை விரல் கூடலாமே என்றார். இரண்டாம் தடவை முழங்காலுக்குக் கீழே நிழல் கொஞ்சம் அதிகம் என்றார். மூன்றாம் தடவை, பிரமாதம், எங்கப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கு என்று எழுதினார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மூஸா வந்தபின், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஜஸீலா அதைத் தன் கணக்கிலிருந்து ஏற்றினாள். அமுக்கிப் பார்த்தாள். உருவாக்கியவர், ஜஸீலா மூஸா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருநாளுக்குப் பிறகு தானும் அந்த ஊரில் ஒரு பொம்மை எடுத்திருந்த சாஜிதாவுக்கும் அன்று சாயங்காலமே ஒரு பிரதியை அனுப்பிவைத்தாள். கூட ஒரு வரி எழுதவில்லை. அமுக்கிப் பார்க்காமல் அவள் இருக்கமாட்டாள் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒத்திகை. அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்த நேரம், எல்லோருக்கும் தோதாக இருந்தது. நீங்களும் வந்து பாருங்க என்று ஸ்ரீநிவாசன் அழைத்திருந்தார். ஜஸீலா தன் பொம்மைக்குத் தாராசுரம் கரைப் புடவை கட்டி, குளக்கரைப் பக்கம் ஒரு தூணோரம் நிறுத்திக்கொண்டாள். வழக்கமாகத் தலைக்குமேல் பெயர் மிதக்கும். கோயில் மாதிரி இருக்காது என்று ஸ்ரீநிவாசன் அன்று எல்லோர் பெயரையும் மறைத்து வைத்திருந்தார். யார் எந்தப் பொம்மை என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. எழுபது வயதுக்காரர்களெல்லாம் கருகருவென்ற தலைமுடியோடு, தொப்பை இல்லாமல் உலாவிக்கொண்டிருந்தார்கள். அத்தனை இடுப்பிலும் ஜஸீலாவின் வேட்டி. பெண்கள் கட்டியிருந்த புடவைகளும் பாதிக்கு மேல் அவள் செய்தவைதான். நடக்க நடக்கக் கரையில் மயில்கண்கள் ஒரு இடத்திலும் பிசகாமல் வளைந்து வந்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்ட மூஸாவைக் கூப்பிட்டு, ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போங்க என்றாள். அவன் குனிந்து பார்த்து, அறுபது பேரு என் நிழலக் கட்டிக்கிட்டுத் திரியிறானுவ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். அவன் போனது நல்லதாயிற்று.

ஏழரை மணிக்கு ஹரிஹரசுப்ரமணியன் வந்து சேர்ந்தார். நியூஜெர்சியில் இருக்கிற ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். அந்தக் கூட்டத்துக்கே மூத்தவர், அவர் பேசினால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். வேட்டியை மாட்டிக்கொண்டு தன் பொம்மையைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன்டா ஸ்ரீநிவாசா, வேஷ்டி இடப்பக்கமா வந்து முடியறதே. பாய் கட்டிண்ட மாதிரின்னா இருக்கு?"

பிறகு அறுபது பேரும் தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள் போல. சிரிப்பு கிளம்பியது. ஒருவர் சலாம் என்றார், இன்னொருவர் வாலைக்கும் என்றார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, கல்யாண வீட்டில் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுகிற சிரிப்புதான். ஜஸீலாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. திரையைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது.

அவளுடைய வாப்பா, அண்ணன்மார், மூஸா, தெருவில் போகிற ஆண்கள் அத்தனை பேரும் மேல்முனையை இடப்பக்கம் கொண்டுபோய்ச் செருகுகிறவர்கள். முஸ்லிம் வீட்டுக் கட்டு அது. மற்றவர்கள் வலப்பக்கம் கட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான். ஆனால் மாடியில் எடுத்த அந்தப் படத்தில் அவள் பார்த்தது நிழலை, கஞ்சியை, மயில்கண்ணை. மூஸா வேட்டி கட்டியிருந்தான், அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி இருப்பதாகவே தோன்றவில்லை.

சிரிப்பு அதோடு முடிந்திருக்கும். பெங்களூரிலிருந்து வந்திருந்த ரோஹிணி என்ற பெண், யார் பண்ணினது இது என்று வேட்டியை அமுக்கினாள். சீட்டு விரிந்தது. வாய்விட்டுப் படித்தாள்.

"உருவாக்கியவர், ஜஸீலா மூஸா."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஓஹோ என்று ஒரு குரல் மெதுவாக வந்தது. கோயில் காரியத்துக்கு ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டாமா என்றது இன்னொன்று. வேணும்னே பண்ணியிருப்பாளோ என்று ஒரு பெண்குரல் கேட்டது. ஹரிஹரசுப்ரமணியன், ஸ்ரீநிவாசா, உனக்குத் தெரிஞ்சவாளா என்றார்.

அந்த ஊரில் ஒரு வசதி உண்டு. ஆட்டுவிக்கிறவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே பொம்மையின் முகம் தானாகத் திரும்பும். ஸ்ரீநிவாசனின் பொம்மை முகம் குளக்கரைத் தூண்பக்கம் திரும்பி, ஜஸீலாவைப் பார்த்தது. பெயரில்லாத அத்தனை பொம்மைகளில் அவள் எது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"தெரியாதுண்ணா. வெளில கடையில வாங்கினது. யார் பண்ணினதுன்னு நான் பாக்கலை."

ஜஸீலாவின் திரையில் கீழே ஒலிவாங்கிப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் அவள் குரல் அறுபத்திரண்டு வீட்டிலும் கேட்கும். மூன்று தடவை பார்த்தீர்களே சார், உங்கப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கு என்றீர்களே சார் என்று இரண்டே வாக்கியம். மவுஸை அங்கே கொண்டுபோய் வைத்தாள். வைத்த விரல் இறங்கவில்லை. பேசினால், இங்கேயே நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாளா என்றுதான் அடுத்த பேச்சு வரும். அது நிச்சயம். தன்மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. ஏன் பெயர் கேட்டோம்? நானூறு உடுப்பு ஒழுங்காகச் செய்தபோது இல்லாத பெயர், ஒன்று பிசகிய அன்றைக்குத்தானா பளிச்சென்று தெரிய வேண்டும்? கேட்டு வாங்கியதும் அவளேதான், ஏற்றியதும் அவள் கையேதான். பொம்மையை அங்கிருந்து வெளியேற்றிவிட்டு லேப்டாப்பை மூடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஸ்ரீநிவாசன் போன் செய்தார். ஜஸீலா, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த இடத்துல வேற என்ன சொல்றது என்று ஆரம்பித்தார். அண்ணா கொஞ்சம் பழைய காலத்து மனுஷர், மற்றவர்களும் கெட்டவர்கள் இல்லை, கோயில் விஷயம் என்பதால் இரண்டு வார்த்தை கூடிப்போயிற்று என்று நிதானமாக விளக்கினார்.

"சார், நீங்க மூணு தடவ பாத்தீங்களே," என்றாள் ஜஸீலா.

"பாத்தேன். எனக்கும் தோணலை. நான் வேஷ்டி கட்டியே பத்து வருஷம் ஆயிருக்கும். அதை அங்க சொல்ல முடியுமா, சொல்லுங்க?"

அவர் குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போனை வைத்திருக்கலாம். அடுத்த ஞாயிறு கும்பாபிஷேகம், அதற்குள் வலப்பக்கம் முடிகிற மாதிரி ஒன்று செய்து கொடுத்துவிடுங்கள் என்றார். பிறகு, ஏதோ உதவி செய்கிற குரலில் சொன்னார்.

"இந்தத் தடவை நானே ஏத்திக்கறேன். உங்களுக்கு எதுக்கு வீண் வம்பு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஜஸீலா சொல்லவில்லை. ஒரு தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது. கடையில் ஒரு நகல் கோணலாக விழுந்தால்கூட, கேட்காமலே இன்னொன்று போட்டுக் கொடுக்கிறவள். ஆறு வருஷம் பழகிய ஸ்ரீநிவாசனுக்கு அது நன்றாகத் தெரியும். சரிங்க சார் என்று வைத்துவிட்டாள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு கும்பாபிஷேகம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஜஸீலாவை யாரும் வரச் சொல்லவில்லை. ஊர்க்குழுவில் வந்த படங்களை ஸ்ரீநிவாசன் அவளுக்கு அனுப்பியிருந்தார். வேட்டிக் கரையை எல்லோரும் மெச்சியிருந்தார்கள். ஸ்ரீநிவாசனுக்கு என்ன ரசனை என்று ஹரிஹரசுப்ரமணியன் எழுதியிருந்தார். ஜஸீலா பெயர் விழுந்திருந்த பழைய வேட்டியைப் பொம்மை ஊரில் எல்லோரும் அவரவர் அலமாரியிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒத்திகைக்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலையைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை.

பழைய படத்தையே கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பினால் வெயிலும் நிழலும் எதிர்ப்பக்கமாகிவிடும், அதனால் பத்து மணிக்கு மூஸாவை மாடிக்குக் கூப்பிட்டாள். திரும்பவுமா, அன்னைக்கி எடுத்தது என்னாச்சு என்றான். நெழலு சரியா விழல என்றாள் ஜஸீலா. வேட்டியை உதறி இடுப்பில் சுற்றப்போனவனிடம், போனைத் துடைத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்தத் தடவ முனைய வலப்பக்கமா கொண்டாங்க."

மூஸாவின் கை நின்றது. அவன் ஒன்றும் மக்கு இல்லை. பதினோரு வருஷம் எட்டு நாட்டு ஆட்களோடு ஒரே அறையில் படுத்துக் கிடந்தவன். யார் எதை எந்தப் பக்கம் கட்டுவார்கள், அதற்கு யார் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

"அவரு பாக்கலையா?"

"பாத்தாரு. மூணு தடவ."

"உன் பேரு போட்டதுனாலயா?"

ஜஸீலா துடைத்த போனையே மறுபடி துடைத்தாள். மூஸா வேட்டியை வலப்பக்கம் சுற்றினான். நாற்பது வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. இடுப்பில் செருகினான், நழுவியது. மறுபடி சுற்றினான், கைகள் தாமாகவே இடப்பக்கம் போய்விட்டன. ஜஸீலா கிட்டே போய், குழந்தைக்குக் கட்டிவிடுகிற மாதிரி இழுத்து மடித்து வலப்பக்கம் இறுக்கிச் செருகினாள். ஸ்டூலில் ஏறும்போது அவன் முதுகைப் பிடித்துக்கொண்டான். சுவரைப் பார்த்தபடி நின்றான்.

அப்போது அவள் கையிலிருந்த போன் ஒலித்தது. சாஜிதா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பழக்கத்தில் விரல் பட்டுவிட்டது, மாடி முழுக்கக் கேட்டது.

"மச்சி, இப்பத்தான் அமுக்கிப் பாத்தேன். உங்க பேருதான் வருது. ஜஸீலா மூஸான்னு முழுசா வருது. எங்க வூட்டுல எல்லாருக்கும் காமிச்சிட்டேன். அன்னைக்கி நான் சிரிச்சத மனசுல வச்சுக்காதீங்க மச்சி."

தெருவில் உரமூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று போயிற்று. மூஸா ஸ்டூலிலிருந்து திரும்பாமலேயே சொன்னான்.

"பதில் போடு. காத்துக்கிட்டுக் கெடக்கும்."

ஆமா சாஜிதா, நான்தான் செஞ்சேன் என்று ஜஸீலா எழுதி அனுப்பினாள். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள், திரை மங்கலாகத் தெரிந்தால் நிழல் சரியாக வராது. அதே போனை உயர்த்தி, வலப்பக்கம் கட்டி நின்ற மூஸாவைப் படம் எடுத்தாள்.